சிட்டா யார் பேர்ல இருக்கு?

டெல்டா மாவட்டக் கிளைகளில் வங்கி வேளாண் அலுவலராக இருந்த காலத்தில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். பயிர்க்கடனோ நகைக்கடனோ பயிர்க் காப்பீடோ, எதற்கு வந்தாலும் முதலில் சிட்டா, அதாவது நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வருவாய்த்துறைக் காகிதம். எத்தனை மா, என்ன ரகம், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்பதெல்லாம் அப்புறம்.

சம்பா பட்டம் தொடங்கும்போது கிளையில் கூட்டம் நெரியும். வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் கையில் இருப்பது அடுத்தவர் பெயரில் உள்ள சிட்டாவின் ஜெராக்ஸ். "நெலம் அவுங்களது சார், வெள்ளாமை எங்களது" என்பார்கள். எழுத்தில் ஏதாவது உண்டா என்றால் சிரிப்பார்கள். அப்பா காலத்திலிருந்து அதே வயலை உழுதுகொண்டிருப்பார். குத்தகை நெல்லை ஒரு வருஷம்கூட பாக்கி வைத்திருக்க மாட்டார். ஆனால் அவர் அந்த வயலில் இறங்கினார் என்பதற்கே ஒரு துண்டுச் சீட்டு இருக்காது.

ஓர் அம்மாவின் வயலைப் பார்க்கப் போயிருந்தேன். வரப்பில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தபடியே பேசிக்கொண்டு வந்தார். "இந்த மூலை பள்ளம் சார், அடைமழைல முங்கிரும். அதான் இங்க மட்டும் சி.ஆர். ஆயிரத்தொம்பது. மேட்டுல பி.பி.டி." இரண்டும் நெல் ரகங்கள். எந்த மடை எப்போது அடைபடும், யார் வயல் தண்ணீர் இவர் வயலுக்குள் வடியும், எந்த வரப்பில் எலி வளை என்று அத்தனையும் விரல் நுனியில் இருந்தது. அரை மணி நேரத்தில் அந்த வயலைப் பற்றி நான் தெரிந்துகொண்டது எந்தப் படிவத்திலும் கொள்ளாது. ஆனால் கிளைக்குத் திரும்பினால், கணினியின் பார்வையில் அங்கே விவசாயி என்பவர் தாம்பரத்தில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற அலுவலர். பட்டா அவர் பெயரில் இருக்கிறது.

இதில் விதியைக் குறை சொல்ல முடியாது என்பதுதான் வேடிக்கை. கிசான் கடன் அட்டைத் திட்டத்தின் வழிகாட்டுதலில் குத்தகை விவசாயி, வாய்மொழிக் குத்தகைதாரர், வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிரிடுபவர் எல்லோருக்கும் இடம் உண்டு. கூட்டுப் பொறுப்புக் குழுவாக நாலு முதல் பத்துப் பேர் சேர்ந்து வந்தாலும் கடன் தரலாம். தரலாம்தான். நாளைக்கு வாராக் கடன் ஆகிவிட்டால் தணிக்கைக்கு வருபவர் கேட்கப்போவது சிட்டாவை. வரப்பில் நடந்த கதையை அல்ல. மேலாளர் என்ன செய்வார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதே கிளையில் இன்னொரு கூத்தும் நடக்கும். பொங்கலுக்கு ஊருக்கு வரும் நில உரிமையாளர் நகையையும் சிட்டாவையும் கொண்டுவந்து வைப்பார். ஏழு சதவீத வட்டி. ஒழுங்காகக் கட்டினால் அரசு மானியம் போக நாலு சதவீதம். வயல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவருக்கு விவசாய நகைக்கடன். அவர் வயலை உழுகிறவர் அடகுக் கடையில் மாத வட்டி கட்டிக்கொண்டிருப்பார். 2019இல் அந்த மானியத்தைக் கிசான் அட்டைக் கணக்குகளுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். சிட்டா இல்லாதவர் அப்போதும் வெளியேதான் நின்றார். அதே வருஷம் வந்த பிரதமரின் ஆறாயிரம் ரூபாய்த் திட்டமும் பட்டாவைப் பார்த்துத்தான் தவணைக்கு இரண்டாயிரம் போட்டது.

கொள்முதல் நிலையத்திலும் இதே பாடு. நெல்லைப் போடச் சிட்டாவும், வயலில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலும் வேண்டும். அதற்கு உரிமையாளரிடம் போய் நிற்க வேண்டும். வெள்ளத்தில் பயிர் போனால் நிவாரணம் யார் கணக்கில் ஏறும் என்பதும் அந்தக் காகிதத்தைப் பொறுத்ததே. நல்ல மனிதர்கள் வந்த பணத்தைக் குத்தகைதாரரிடம் கொடுத்துவிடுவார்கள், பாதியாவது கொடுப்பார்கள். போனையே எடுக்காதவர்களும் உண்டு.

சட்டமே இல்லையா என்றால், தமிழ்நாட்டில் சட்டத்துக்கு என்ன குறைச்சல்! 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956இல் நியாயக் குத்தகைச் சட்டம், 1969இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம். கூலித் தகராறின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட மண் இது. அந்தச் சட்டங்கள் சும்மா வந்தவை அல்ல, மக்கள் போராடிப் பெற்றவை. வேலிக் கணக்கில் நிலம் வைத்திருந்த மிராசுதார்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

இன்று குத்தகையை எழுதிக் கொடுக்க மறுப்பவர் எப்போதும் மிராசுதாராக இருப்பதில்லை. இரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு குத்தகை நெல்லை நம்பி இருக்கும் விதவை, மகள் கல்யாணத்துக்கு விற்க வேண்டி வருமே என்று யோசிக்கும் பள்ளி ஆசிரியர். "பேரைப் பதிஞ்சுட்டா நெலம் கையை விட்டுப் போயிடும் சார்" என்று அவர்கள் சொல்லும்போது அதை வெறும் பேராசை என்று என்னால் தள்ள முடிந்ததில்லை. பதிவான குத்தகைதாரரை நிலத்திலிருந்து எளிதில் வெளியேற்ற முடியாது என்பது உண்மை. குத்தகைதாரரைக் காக்க வந்த சட்டமே குத்தகையை வாய்ப்பேச்சாக மாற்றிவிட்டது. இன்னொரு பக்கம், கோயில் நிலங்களில் பதிவு உண்டு. ஆனால் பதிவில் இருப்பவர் வேலை கிடைத்து ஊரை விட்டே போயிருப்பார். உள்குத்தகைக்கு எடுத்தவர் உழுவார். அங்கேயும் காகிதம் ஒருவரிடம், கலப்பை இன்னொருவரிடம்.

மற்ற மாநிலங்கள் முயன்றுதான் பார்த்தன. வாரதாரர்களைப் பதிவு செய்ய மேற்கு வங்கம் 1978இல் தொடங்கிய பர்கா நடவடிக்கையில் அதிகாரிகள் மனுவுக்காக அலுவலகத்தில் காத்திருக்கவில்லை. ஊருக்கே போய் மாலை நேரத்தில் கூட்டம் போட்டார்கள். பத்து பேர் கூடி இருக்கும் இடத்தில் "இந்த வயலை உழுவது நான்" என்று சொல்லும் தைரியம் தாலுகா அலுவலகத்தில் வராது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாரதாரர்கள் பதிவானார்கள். ஆந்திரா 2019இல் சாகுபடியாளர் உரிமை அட்டை கொண்டுவந்தது. ஆனால் உரிமையாளர் கையெழுத்து வேண்டும் என்றது. கையெழுத்துக்குப் பயந்துதானே எல்லாரும் வாய்ப்பேச்சில் நிற்கிறார்கள்! நிதி ஆயோக் 2016இல் முன்வைத்த மாதிரிச் சட்டம் உரிமையாளரின் பயத்தைக் கொஞ்சம் புரிந்துகொண்டது: நிலத்தின் மீது உரிமை கோர முடியாது, குறித்த காலத்துக்குப் பயிரிடலாம், கடனும் காப்பீடும் பயிரிடுபவருக்கு. இடதுசாரி நண்பர்களுக்கு இது பிடிக்காது, அரை நூற்றாண்டுப் போராட்டத்தை விட்டுக்கொடுப்பதாகச் சொல்வார்கள். அவர்கள் கோபம் புரிகிறது. ஆனால் பதிவேட்டில் பெயரே ஏறாதவருக்கு அந்தப் பழைய பாதுகாப்பால் என்ன பயன் என்று நான் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

என் யோசனை சின்னது. நில உரிமையையும் பயிர் உரிமையையும் பிரித்துவிடலாம். இப்போது டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு என்று வயல் வயலாகப் போய், நிற்கும் பயிரைக் கைபேசியில் படம் பிடிக்கிறார்கள். 2024இல் வேளாண் கல்லூரி மாணவர்களையே இறக்கிவிட்டார்கள். சேற்றில் இறங்கிப் படம் எடுக்கும் அந்தப் பிள்ளை, பக்கத்தில் நிற்பவரிடம் "இதை நட்டது யாரு?" என்று கேட்டு அந்தப் பெயரையும் அந்தப் பட்டத்துக்கு மட்டும் பதிந்துகொள்ளட்டும். நிலம் யாருடையது என்ற வழக்குக்கு அந்தப் பதிவு செல்லாது என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் உரிமையாளரும் தூங்குவார். வங்கிக்கும் காப்பீட்டுக்கும் கொள்முதலுக்கும் அது போதும் என்று அரசு ஆணை போட்டால் சரி. தணிக்கைக்காரரிடம் காட்ட மேலாளருக்கும் ஒரு காகிதம் கிடைக்கும்.