வெள்ளை டியூபை நிறுத்திய பிறகு

பள்ளிக்கூட வயதில் எனக்குப் பரு வந்ததே இல்லை. 33 வயதில், இரண்டாவது பையனுக்குத் தாய்ப்பால் நிறுத்திய சில மாதங்களில் ஆரம்பித்தது. வந்த இடம் நெற்றியும் இல்லை, கன்னமும் இல்லை. தாடை ஓரமும் மோவாயும். வெள்ளை முனை வைத்துச் சீக்கிரம் உடைகிற பரு அல்ல. உள்ளுக்குள்ளேயே இறுகி, தொட்டால் விண்ணென்று தெறிக்கும். பத்து நாள் இருந்துவிட்டு, போகும்போது ஒரு கருப்புத் தழும்பை விட்டுப் போகும். மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்னால் தவறாமல் வரும். அதோடு மூக்கின் இரு பக்கமும் கன்னத்தில் சின்னச் சின்னக் குழிகள், சாத்துக்குடித் தோல் மாதிரி.

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை புதுச்சேரியில். ஸ்கூட்டியில் முள்ளோடை, அரியாங்குப்பம் வழியாக ஒரு வழிக்கே 20 கிலோமீட்டருக்கு மேல். வெயிலுக்கும் தூசிக்கும் பயந்து துப்பட்டாவை முகம் முழுக்கச் சுற்றிக்கொண்டு, அதன் மேல் ஹெல்மெட். கடல் காற்றின் புழுக்கத்தில் போய்ச் சேரும்போது மோவாய் நனைந்திருக்கும்.

அத்தை உடம்புச் சூடு என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். எலுமிச்சைச் சாறு, கடலை மாவு, வால்நட் ஓட்டுத் தூள் போட்ட ஸ்கிரப் எல்லாம் பார்த்தாயிற்று. பார்லரில் ஒரு பெண், "அக்கா, உங்களுக்கு ஓப்பன் போர்ஸ் நிறைய இருக்கு. ஆவி பிடிச்சு ஃபேஷியல் பண்ணினா மூடிரும்" என்றாள். 1,200 ரூபாய் கொடுத்தேன். மூன்று நாள் முகம் பளபளவென்று இருந்தது, நான்காம் நாள் பரு வந்த இடத்திலேயே திரும்ப வந்தது.

இதுவரை நடந்ததெல்லாம் பணத்துக்கும் நேரத்துக்கும்தான் கேடு. முகத்தைக் கெடுத்தது அடுத்து வந்த வெள்ளை டியூப். ஒரு மருந்துக் கடையில் பருவுக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டேன். சீட்டு எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் பரு அமுங்கியது, தழும்பு வெளுத்தது, அலுவலகத்தில் எல்லோரும் என்ன போடுகிறாய் என்று கேட்டார்கள். நான்கு மாதம் தினமும் போட்டேன். இரண்டு பேருக்கு நானே அதை வாங்கவும் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

ஊருக்குப் போன இடத்தில் நான்கு நாள் டியூப் இல்லாமல் போனது. முகம் நெருப்பாக எரிந்தது. கன்னம் சிவந்து, வேர்க்குரு மாதிரி நெருக்கமாகப் பொரிகள். தண்ணீர் பட்டாலே காந்தியது. வீட்டுக்கு வந்து திரும்பப் போட்டேன், ஒரே இரவில் அடங்கியது. அப்போதுதான் பயம் வந்தது.

புதுச்சேரியில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். முகத்தைப் பார்த்த உடனே அவர் கேட்டது, "என்ன போட்டீங்க? டியூப் கொண்டுவந்திருக்கீங்களா?" கொண்டுபோகவில்லை. கணவரிடம் போன் செய்து அட்டைப்பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் மூன்று மருந்துகளின் பெயர்: ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், மோமெட்டசோன். கடைசிப் பெயரைக் காட்டி, "இது ஸ்டீராய்டு. பருவுக்குப் போடுற மருந்தே இல்லை" என்றார். ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்கிவிடும், அதனால்தான் முதல் வாரம் அப்படி ஒரு மாற்றம். ஆனால் நாள்பட்டால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், அதுவே புதிதாகப் பருவையும் கிளப்பும், நிறுத்தினால் எரியும். 2018-லேயே மத்திய அரசு இந்த வகைக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கிவிட்டது. பெட்டியின் மேலேயே அந்த எச்சரிக்கை அச்சாகியிருந்தது. நான்கு மாதமும் என் கண்ணெதிரே இருந்ததை நான் படிக்கவில்லை.

அவர் பொறுமையாக நிறையக் கேட்டார். மாதவிலக்கு முறையாக வருகிறதா, மோவாயில் முடி வளர்கிறதா, தலைமுடி கொட்டுகிறதா, இன்னொரு குழந்தைக்கு எண்ணம் உண்டா. சினைப்பை நீர்க்கட்டி இருந்தாலும் இந்த வயதில் தாடையில் பரு வரும் என்பதால் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எழுதினார். எனக்கு இரண்டும் சரியாக இருந்தன. எதுவும் இல்லாமலேயே ஹார்மோன் ஏற்ற இறக்கத்துக்கு எண்ணெய்ச் சுரப்பிகள் கூடுதலாக வேலை செய்யும், பல பெண்களுக்கு முப்பதுக்கு மேலும் இது இருக்கும் என்றார். அதைக் கேட்டபோது அழுதுவிட்டேன். இரண்டு வருடமாக, நான் சுத்தமாக இல்லாததால்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஆறு வாரம் அவர் கொடுத்த வேலை, எதுவும் செய்யாமல் இருப்பது. டியூப் கிடையாது, ஸ்கிரப் கிடையாது, எலுமிச்சை கிடையாது. நுரை குறைவான ஃபேஸ்வாஷ், வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர், பகலில் எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன். உள்ளுக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை. அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கிய உடனே படுக்கக் கூடாது, அதைச் சாப்பிடும் நாட்களில் வெயில் தோலை அதிகமாகச் சுடும் என்று சொல்லியிருந்தார். முதல் மூன்று வாரம் கண்ணாடியைப் பார்க்கவே முடியவில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டேன். மருந்துக் கடையைத் தாண்டும்போதெல்லாம் கை துடித்தது. ஐந்தாம் வாரம் எரிச்சல் விட்டது.

அப்புறம்தான் பருவுக்கான மருந்து: அடாபலீன் 0.1 சதவீத ஜெல். இரவில் முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காய 20 நிமிடம் விட்டு, ஒரு பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க. பரு இருக்கும் இடத்தில் மட்டும் வைப்பது வீண்; இன்னும் வெளியே தெரியாத பருவைத் தடுப்பதுதான் இதன் வேலை. மூக்கு மடிப்பு, உதட்டோரம், கண்ணைச் சுற்றி மட்டும் விட்டுவிட வேண்டும். முதலில் வாரம் இரண்டு இரவு, பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள். கர்ப்பமாக இருந்தால் இந்த மருந்து கூடாது. குழந்தைக்கு எண்ணம் வந்தால் முன்பே சொல்லிவிடுங்கள் என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை பரு கூடியது. உள்ளே அடைபட்டுக் கிடந்தவை மேலே வருகின்றன என்று முன்பே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டேன். காலையில் முகம் கழுவ, பருக் கிருமியைக் குறைக்கும் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத வாஷ் சேர்த்தார். அது துணியின் சாயத்தை எடுத்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. அம்மா கொடுத்த அரக்கு நிறத் துண்டில் இரண்டு வெள்ளைத் திட்டு விழுந்துவிட்டது. இப்போது முகத்துக்கு வெள்ளைத் துண்டு மட்டும்தான். 12 வாரம் முடிந்தபோது தாடையில் புதிதாக ஒன்றும் இல்லை.

குழிகளைப் பற்றி அவர் சொன்னதை முதலில் என் மனசு ஏற்கவில்லை. தோல் துவாரத்துக்குத் திறந்து மூடுகிற தசையே கிடையாது. ஆவி பிடித்தால் திறக்கும், ஐஸ் வைத்தால் மூடும் என்பது இரண்டுமே சரியில்லை. எண்ணெயும் இறந்த தோலும் சேர்ந்து துவாரத்தின் வாயை அடைக்கும்போது அது விரிந்து பெரிதாகத் தெரியும். வெயிலாலும் வயதாலும் சுற்றியுள்ள தோல் தளர்ந்தாலும் அப்படித்தான். அடைப்பை எடுத்து, வெயிலை மறைத்தால் சின்னதாகத் தெரியும், மறையாது. மூக்கை அழுத்தினால் வெள்ளையாகப் பிதுங்கி வருவது அழுக்கு அல்ல, அது துவாரத்தில் எப்போதும் இருக்கிற பொருள். எடுத்தாலும் சில வாரத்தில் நிறைந்துவிடும். நான் வருடக்கணக்காக அதைப் பிதுக்கித் தோலைப் புண்ணாக்கியிருக்கிறேன்.

துப்பட்டாவையும் மாற்றினேன். தினமும் துவைத்த பருத்தித் துணி, ஹெல்மெட் பட்டைக்கு உள்ளே ஒரு கைக்குட்டை. தேங்காய் எண்ணெயை இரவு முழுக்க ஊறவிடாமல், தலைக்குக் குளிக்கும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு முன் வைக்கிறேன். சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுகிறேன். தழும்பு வெளுக்க அதுதான் எல்லாவற்றையும்விட உதவியது என்பது என் அனுபவம்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. அடாபலீன் வாரம் மூன்று இரவு. மாதவிலக்குச் சமயத்தில் ஒன்றிரண்டு வருகிறது, கை வைக்காமல் விட்டால் ஐந்தாறு நாளில் போய்விடுகிறது. மத்தியான வெளிச்சத்தில் பக்கத்தில் நின்று பார்த்தால் மூக்கோரக் குழிகள் தெரியும். அவை எனக்கு இப்போது தொந்தரவாக இல்லை.

நான் அந்த டியூபை வாங்கச் சொன்ன இரண்டு பேரில் ஒருவரைத் தேடிப் போய் நிறுத்தச் சொல்லிவிட்டேன். அவர் பத்து நாள்தான் போட்டிருந்தார். இன்னொருத்தி என் அக்கா மகள், கல்லூரியில் படிக்கிறாள். "சித்தி, எனக்கு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு நிறுத்தணும்?" என்கிறாள். சனிக்கிழமை அவளை அதே மருத்துவரிடம் கூட்டிப் போகிறேன். டியூபைப் பெட்டியோடு எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.