ஒரு டீஸ்பூன் ரத்தம் கேட்ட கதை

தலைக்காயத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால், ஏதோ மூளையைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்பவள் போல என்னைச் சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள். உண்மையில் என் முதல் வருடம் காகிதத்தோடுதான் போயிற்று.

வேலை இதுதான். தலையில் அடிபட்டு மூளைச் செல்கள் உடைந்தால், அவற்றுக்குள் இருக்கும் சில புரதங்கள் ரத்தத்தில் கசியும். ஜிஎஃப்ஏபி, யுசிஎச்-எல்1 என்று இரண்டு புரதங்களை அளந்து, லேசாக அடிபட்டவருக்கு சி.டி. ஸ்கேன் தேவையா என்று முடிவெடுக்க உதவும் பரிசோதனைக்கு 2018இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. அடிபட்ட 12 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்துக்கு அது. நம் ஊரில் ஒருவர் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து 108இல் ஏறி, பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. அப்படி வருகிறவர்களிடம் இந்தப் புரதங்கள் எந்த அளவில் இருக்கின்றன என்று பார்ப்பது என் திட்டம். ஆளுக்கு 5 மி.லி. ரத்தம் போதும். ஒரு டீஸ்பூன்.

அந்த டீஸ்பூனுக்கு, மனிதர்களிடம் செய்யும் ஆராய்ச்சி முறையானதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் வேண்டும். கமிட்டியில் மருத்துவம் படிக்காத பொது உறுப்பினர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) விதி. எங்கள் கமிட்டியில் அவர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். என் தமிழ் ஒப்புதல் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏம்மா, ‘ரத்த மாதிரி சேகரிக்கப்படும்’னு போட்டிருக்கே. ரத்தம் மாதிரின்னா, அது ரத்தம் இல்லையா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அடுத்த வரியில், பயோமார்க்கர் என்பதற்கு ‘உயிர்க்குறிப்பான்’ என்று வேறு எழுதி வைத்திருந்தேன். அதை அவர் விரலால் தொட்டுக் காட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் விட்டார். அது இன்னும் மோசம்.

நான்கு முறை திருத்தி எழுதினேன். ஒவ்வொரு முறையும், மூலத்தைப் பார்க்காத ஒருவர் தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார். மூன்றாம் முறை ‘தலைக்காயம்’ மண்டைத்தோல் வெட்டாகத் திரும்பி வந்தது. கடைசியில் நின்றது ‘தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்படுவது’. நீளம்தான், ஆனால் யாரும் தப்பாகப் படிக்கவில்லை.

சரி, ஒப்புதல் வந்தாயிற்று, இனி வேலைதானே என்று வார்டுக்குப் போனேன். மயக்கத்தில் இருப்பவரிடம் சம்மதம் கேட்க முடியாது, கூட இருக்கும் உறவினரிடம்தான் கேட்க வேண்டும். முதல் ஏழு குடும்பங்களும் முடியாது என்றார்கள். ஒருவருடைய அண்ணன், “ஏற்கெனவே போன ரத்தம் போதாதா மேடம்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நாங்கள் போகும் நேரமும் அப்படி. ‘உயிருக்கு ஆபத்து நேர்ந்தால்’ என்று தொடங்கும் ஆபரேஷன் பேப்பரில் அப்போதுதான் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இன்னொரு பேப்பரை நீட்டினால் கை நடுங்குகிறது.

விஷயத்தைப் புரியவைத்தது நைட் டியூட்டி சிஸ்டர். “ரத்தம் எடுக்கறதுக்குப் பயப்படல மேடம். குடிச்சிருந்தானான்னு பாக்கப் போறீங்கன்னு நினைக்கறாங்க.” ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவு நகலான ஏ.ஆர். காப்பி, போலீஸ், வண்டி இன்ஷூரன்ஸ் எல்லாம் அவர்கள் மனதில் ஓடிக்கொண்டிருக்க, நான் புரதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனையோ ஆராய்ச்சிக் கட்டுரை படித்திருக்கிறேன், இதை ஒருவரும் எழுதவில்லை.

படிவத்தின் முதல் வரியையே மாற்றினோம்: ‘இந்த ரத்தத்தில் மது இருக்கிறதா என்று பார்க்க மாட்டோம்.’ இரண்டாவது வரி: ‘இதற்காகத் தனியாக ஊசி குத்த மாட்டோம், வழக்கமான பரிசோதனைக்கு எடுக்கும்போதே சேர்த்து எடுப்போம்.’ இரண்டு வரிதான். ஆனாலும் திருத்தம் திருத்தம்தானே, மறுபடி கமிட்டி, மறுபடி காத்திருப்பு. அப்போது எரிச்சலாக இருந்தது. ஆனால் இந்தத் துறையில் நல்லது என்று நம்பிச் செய்ததெல்லாம் நல்லதாக முடிந்ததில்லை. தலையில் அடிபட்டவர்களுக்குப் பல காலம் கொடுத்துவந்த ஸ்டீராய்டு, சாவைக் கூட்டுகிறது என்று பத்தாயிரம் பேரைச் சேர்த்துச் செய்த க்ராஷ் ஆய்வு 2004இல் காட்டியது. கமிட்டி கேள்வி கேட்கத்தான் செய்யும்.

அப்புறம் சம்மதம் கிடைக்கத் தொடங்கியது. முதல் இரண்டு டியூப்கள் வீணாயின. எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்து, சுழற்றிப் பார்த்தால், மேலே பிரிந்து நிற்கும் நீரான சீரம் ரோஸ் நிறத்தில் இருந்தது.

மூன்றாவது, பைக்கில் இருந்து விழுந்த ஒரு பையன். நினைவு எவ்வளவு இருக்கிறது என்று 15க்குப் போடும் கிளாஸ்கோ அளவு 9. அவன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால், ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்திருந்த பெரியவர் முழுவதையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அம்மா கைநாட்டு வைத்தார். அடிபட்ட ஆறாவது மணி நேரத்தில் எடுத்த ரத்தம், சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக வந்தது. நான்கு சிறு குப்பிகளில் பிரித்து மைனஸ் 80 ஃப்ரீசரில் வைத்தேன். அன்று இரவு வீட்டுக்குப் போய் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

நினைவு திரும்பியதும் நோயாளியிடமே மறுபடி சம்மதம் கேட்க வேண்டும். பதினோராம் நாள் அவனுக்கு 15க்கு 15. உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். படிவத்தை நிதானமாகப் படித்தான். “இதுல எனக்கு எவ்வளவு அடின்னு சொல்வீங்களாக்கா?” என்று கேட்டான். லேபில் இருக்கும் பரிசோதனைத் தட்டு நிறையும் அளவுக்கு எல்லாருடைய ரத்தமும் சேர்ந்த பிறகுதான் பரிசோதனையை ஓட்டுவோம், தனித்தனியாக முடிவு சொல்ல மாட்டோம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

“வேண்டாம்க்கா.”

காரணம் கேட்கக்கூடாது. கேட்கவில்லை. ஃப்ரீசரைத் திறந்து நான்கு குப்பிகளையும் எடுத்துக் கழிவில் சேர்த்தேன். பதிவேட்டில் ‘விலகினார்’ என்று எழுதித் தேதி போட்டேன்.

மாலையில் வராந்தாவில் அவன் அம்மா என்னை நிறுத்தினார். பையன் இப்படிச் சொல்லிவிட்டானே என்று அவருக்குச் சங்கடம்.

“அந்த ரத்தத்தை அவனுக்கே திரும்ப ஏத்திட முடியாதாம்மா?”

முடியாதும்மா என்றேன்.