கல்லைத் தேடப் போய்

ஜூன் 12, 2025, வியாழன்

நான்கு நாளாக இடுப்பில் வலி. சிறுநீரகக் கல்லாகத்தான் இருக்கும் என்று ஸ்கேன் எடுக்கப் போனேன். கல் இல்லை. அறிக்கையின் கடைசி வரியில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 2’ என்று இருந்தது; கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறதாம். 22 ஆண்டுகளாகக் கணக்கு வாத்தியார் வேலை; கிரேடு என்றால் மதிப்பெண்தான் ஞாபகத்துக்கு வரும். இரண்டாம் கிரேடு என்றால் தேறிவிட்டோம் என்று மனம் தானாகவே போட்டுக்கொண்டது.

“குடிப்பீர்களா?” என்றார் ஸ்கேன் எடுத்தவர். இல்லை என்றேன். தலையாட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை. கல்லீரல் கெட்டவன் என்றால் எங்கள் கும்பகோணத்தில் ஒரே பொருள்தான்.

ஜூன் 14, சனி

மருத்துவரும் குடியைப் பற்றி மூன்று விதமாகக் கேட்டார். பிறகு சட்டைக் காலரை விலக்கிப் பிடரியைப் பார்த்தார். அங்கே தோல் கருத்து, தடித்து, வெல்வெட் துணிபோல இருக்கிறதாம். காலர் உராய்ந்த கருப்பு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இன்சுலினின் பேச்சை உடம்பு கேட்காமல் போவதற்கு அது ஒரு அடையாளம் என்றார். இடுப்பைச் சுற்றி அளந்தார்: 98 செ.மீ. நம் நாட்டு ஆண்களுக்கு 90-ஐத் தாண்டக் கூடாது. எடை 78 கிலோ.

கல்லீரல் பக்கம் எனக்கு ஒரு வலியும் இல்லையே என்றேன். சிலருக்கு வலது விலாவின் கீழே கனமாக இருக்கும், அசதி இருக்கும். பலருக்கு எதுவுமே தெரியாது. என் இடுப்பு வலிகூட வெறும் தசைப்பிடிப்புதான் என்று சொல்லிவிட்டார்.

கூட வந்த என் மனைவி எண்ணெய்ப் பலகாரங்களின் மீது குற்றப்பத்திரிகை வாசித்தாள். அவர் விசாரித்ததோ அரிசியையும் காப்பியையும். தேவைக்கு மேல் வரும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரலே கொழுப்பாக மாற்றி வைத்துக்கொள்கிறதாம். பிரான்சில் வாத்தின் ஈரலைக் கொழுக்க வைக்க அதற்குக் கொடுப்பது மக்காச்சோளம்தான் என்று எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. நாளைக்கு நான்கு டிகிரி காப்பி, தம்ளருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை. வாத்துக்காவது குழாய் வைத்துத் திணிக்கிறார்கள்.

ஜூன் 16, திங்கள்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மஞ்சள் காமாலைக் கிருமிகள் பி, சி இரண்டும் இல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1, நீரிழிவின் வாசற்படி.

ஸ்கேனின் கிரேடு என்பது கொழுப்பால் ஈரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பதற்கான குறிப்பு மட்டும்தான் என்று மருத்துவர் விளக்கினார். தழும்பு விழுந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. முதல் கிரேடுக்காரருக்குத் தழும்பு இருக்கலாம், மூன்றாம் கிரேடுக்காரருக்கு இல்லாமலும் போகலாம். பிற்காலத்தைத் தீர்மானிப்பது தழும்பு. அதைக் கணிக்க ‘ஃபிப்-4’ என்று ஒரு சூத்திரம் இருக்கிறது: வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, ரத்தத் தட்டணுக்களையும் ஏஎல்டியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும். ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டும் ஈரல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் நொதிகள். சூத்திரம் என்றதும் தாளை வாங்கிக்கொண்டேன்.

வயது 47, ஏஎஸ்டி 38. பெருக்கினால் 1786. ஏஎல்டி 64, வர்க்கமூலம் 8, என்ன அழகு! அறிக்கையில் தட்டணுக்கள் 2.1 லட்சம். 2.1-ஐ அப்படியே போட்டேன். விடை 106. 2.67-க்கு மேல் போனாலே ஆபத்து என்று சொல்லியிருந்தார். கை சில்லிட்டுவிட்டது. அவர் சிரித்தபடி, ஆயிரத்தில் போடுங்கள், 210 என்றார். 1786-ஐ 1680-ஆல் வகுத்தால் 1.06. 1.3-க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. அலகைப் பார்க்காமல் கணக்குப் போடும் பையன்களுக்கு நான் எத்தனை முட்டை போட்டிருப்பேன்!

1.3-ஐத் தாண்டியிருந்தால் ஃபைப்ரோஸ்கேன் எடுத்திருப்பார்களாம். விலாவின் மேல் ஒரு தட்டு தட்டி, ஈரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளக்கும் கருவி. பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல. இப்போதைக்கு வேண்டாம், அடுத்த ஆண்டு மீண்டும் கணக்குப் போடலாம் என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது இரண்டாம் வரிசைப் பையனின் கழுத்தைப் பார்த்தேன். அதே கருப்பு. போன ஆண்டு அவனை எல்லார் முன்பும் எழுப்பி, அழுக்குப் போகக் கழுவிவிட்டு வா என்று குழாயடிக்கு அனுப்பியவன் நான். அவனும் போனான். ஈரக் கழுத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்தான். இன்று வகுப்பு சரியாக ஓடவில்லை.

ஜூன் 21, சனி

திருச்சியிலிருந்து அக்கா போன். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடிக்க வேண்டுமாம். எனக்குக் காமாலை இல்லை அக்கா என்றால், ஈரல் ஈரல்தானே தம்பி என்கிறாள். பெயர் தெரியாத பொடி, லேகியம் எதையும் தொட வேண்டாம், சில ஈரலையே தாக்கும் என்று மருத்துவர் எச்சரித்ததை அவளிடம் சொல்லத் துணிவில்லை.

இந்த நோய்க்கு 2023-இல் பெயரையே மாற்றியிருக்கிறார்கள். ‘மது சாராத’ என்ற அடைமொழி போய், வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்த நோய் என்று வைத்திருக்கிறார்கள். எனக்கு நிம்மதி. ஆனால் நம் ஊரில் இதை யாரிடம் விளக்குவது?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எடை 73.9. குறைந்தது 4.1 கிலோ, அதாவது 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஐந்து குறைந்தால் கொழுப்பு இறங்கும், ஏழு குறைந்தால் அழற்சி தணியும், பத்து என்றால் தழும்புகூட இளக வாய்ப்புண்டு என்பது மருத்துவர் கணக்கு. தினமும் விடியற்காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிறேன். சோறு பாதி, காய் இரு பங்கு. காப்பியை அவர் தடுக்கவில்லை, சர்க்கரையைத்தான். முதல் வாரம் கஷாயமாக இருந்தது. இப்போது பால் திரிந்திருந்தால் முதல் வாயிலேயே தெரிகிறது.

அந்தப் பையனின் அம்மாவை ஜூலையில் வரச் சொல்லிப் பரிசோதிக்கச் சொல்லியிருந்தேன். நேற்று முன்தினம் சீட்டைக் கொண்டுவந்தார். ஏஎல்டி 71. குழந்தைகளுக்கு ஃபிப்-4 பொருந்தாது, மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள் என்றேன். குழாயடிக் கதையையும் நானே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தெரியும் சார் என்றார். அன்று வீட்டுக்கு வந்து பீர்க்கங்காய் நாரை எடுத்து ரத்தம் வரும்வரை தேய்த்தான் என்று, சீட்டை மடித்துக்கொண்டே சொன்னார்.