கல்லளை வாசலில் ஐந்து நிமிடம்

வயநாட்டுக்குக் "குகை பார்க்க" வருகிறவர்கள் பலருக்கும் மனதில் இருப்பது ஆந்திராவின் பெலும், போரா குகைப் படங்கள். உள்ளே நெடுந்தூரம் நடக்கலாம், கூரையிலிருந்து கல் ஊசி ஊசியாகத் தொங்கும் என்று நினைத்து வருகிறார்கள். அவை சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் கரைத்து உண்டான குகைகள். நீலகிரிக் கூடலூரிலிருந்து வயநாடு வரை நம் காலுக்கடியில் இருப்பது சார்னோக்கைட், நைஸ் என்கிற கடினப் பாறைகள். அவை அப்படிக் கரையாது. (சார்னோக்கைட் நம்ம பல்லாவரத்துக் கல்தான். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு அந்தக் கல் போனதால் அவர் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது.) இங்கே பாறை வெடிக்கும், உருளும், ஒன்றின் மேல் ஒன்று சாயும். அந்த இடைவெளிதான் குகை. பழந்தமிழில் கல்லளை என்பார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. அளை என்றால் ஏதோ ஒன்று குடியிருக்கிற பொந்து. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு நுழைய வேண்டிய இடம்.

எல்லாரும் போகிற எடக்கல்லே அப்படி ஒரு வெடிப்புதான். பெயரைத் தமிழாகப் படித்தாலே புரியும்: இடைக்கல். அம்புகுத்தி மலையில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில், பிளந்து நிற்கும் பாறைச் சுவர்களுக்கு நடுவே மேலே ஒரு பெரிய கல் சிக்கி நிற்கிறது. பாட்டவயல் செக்போஸ்ட் தாண்டி சுல்தான் பத்தேரி, அங்கிருந்து அம்பலவயல் போகும் வழியில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். திங்கட்கிழமை விடுமுறை. காலை முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். பத்தரைக்கு மேல் இரும்புப் படிகளில் வரிசை நின்றுவிடும், அப்புறம் சுவரைப் பார்ப்பதற்குப் பதில் முன்னால் நிற்பவர் முதுகைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். முட்டி வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். ஒரு கைத்தடி எடுத்துக்கொள்வது நல்லது.

உள்ளே இருப்பவை ஓவியங்கள் அல்ல, கீறல்கள். 1890களில் மலபார் போலீஸ் அதிகாரி ஃபிரெட் ஃபாசெட் கண்டு வெளியுலகுக்குச் சொன்னவை. தலையில் பெரிய அலங்காரத்தோடு நிற்கும் மனித உருவங்கள், விலங்குகள், சக்கரம் போன்ற வடிவங்கள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். இவை போக தமிழ் பிராமி எழுத்துகளும் உண்டு. பலரும் செய்கிற தவறு நேருக்கு நேர் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பது. நேர் வெளிச்சத்தில் பள்ளத்தில் நிழல் விழாது, சுவர் வெறும் சாம்பல் நிறமாகத் தெரியும். காவலரிடம் கேட்டுவிட்டு, சிறிய டார்ச்சைச் சுவருக்குப் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடியுங்கள். கோடுகள் எழுந்து வரும். கையால் தடவிப் பார்க்காதீர்கள். விரல் எண்ணெயும் வியர்வையும் கல்லில் தங்கும்.

ஆனால் எடக்கல்லில் காட்டுயிர் எதையும் எதிர்பார்க்க வேண்டாம், பொட்டலத்தைப் பிடுங்கும் குரங்கைத் தவிர. காட்டுக்குள் இருக்கிற அளைகளுக்கு வனத்துறை அனுமதியும், அவர்கள் அனுப்புகிற வழிகாட்டியும் இல்லாமல் கால் வைக்க முடியாது. "எனக்குத் தெரிஞ்ச வழி இருக்கு, சார்" என்று செக்போஸ்ட் பக்கம் யாராவது சொன்னால், வழக்கு உங்கள் பேரிலும் வரும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நாடுகாணிக்குக் கீழே நிலம்பூர்க் காட்டில் சோலைநாயக்கர் மக்கள் பாறை மறைவுகளில் வாழ்ந்து வருகிறார்கள். அவர்கள் அந்த இடத்தைக் கல்லுலை என்கிறார்கள். "குகை மனிதர்களைக் காட்டுகிறோம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் பணம் கொடுக்காதீர்கள். அது ஒருவர் வீடு.

குழு அளவுக்கு வருவோம். ஆறு பேர், முன்னால் வழிகாட்டி, கடைசியில் உதவியாள், ஆக எட்டு. ஒற்றையடிப் பாதையில் ஆளுக்கு இரண்டு மீட்டர் விட்டு நடந்தால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே பதினான்கு மீட்டர் வருகிறது. மழைக்காட்டில் ஒரு வளைவுக்கு மேல் கண் போகாது; வழிகாட்டி கையைத் தூக்கினால் பின்னால் இருப்பவருக்குத் தெரிய வேண்டிய எல்லை அவ்வளவுதான். பன்னிரண்டு பேர் வந்தால் வரிசை நிச்சயமாக இரண்டாக உடையும். உடைந்த வரிசைக்கு நடுவே யானை வந்து நின்ற கதைகள் ஒவ்வொரு வனத்துறை வாட்சரிடமும் இருக்கும். கிளம்பும் முன் சைகைகளை ஒத்துக்கொள்ளுங்கள்: உள்ளங்கை மேலே என்றால் நில், கீழே அழுத்தினால் உட்கார், முஷ்டி என்றால் மூச்சுச் சத்தம்கூட வேண்டாம். பேச்சே இல்லாமல் இந்த மூன்றும் போதும்.

இனி அளையின் வாசல். முப்பது மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். ஐந்து நிமிடம், கடிகாரம் பார்த்து. இதைத்தான் எல்லாரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் மேலே பாருங்கள். பாறை நெற்றியில் கறுத்த திட்டுகள் தொங்கினால் மலைத்தேனீ. கூட்டின் மேற்பரப்பில் அலை அலையாக ஒரு மினுமினுப்பு ஓடினால் அவை எச்சரிக்கையில் இருக்கின்றன. அன்றைக்கு அந்த அளை கிடையாது, திரும்புங்கள். சென்ட், ஷாம்பு வாசனை, புகை மூன்றும் அவற்றுக்கு ஆகாது. சாமி இடம் என்று கற்பூரம் ஏற்றுகிற பழக்கம் நமக்கு உண்டு. இங்கே வேண்டாம், புகை தேனீயைக் கிளப்பும், கரி கல்லில் படியும். கொட்டத் தொடங்கினால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓட வேண்டும், நின்று கையை வீசக் கூடாது. ஒரு கொடுக்கிலிருந்து வரும் வாசனையே மற்றவற்றை அந்த இடத்துக்கு அழைக்கும். தண்ணீரில் குதித்தால் தலை தூக்கும் நேரம் வரை மேலேயே காத்திருக்கும்.

அப்புறம் மூக்கு. கண் எரிகிற அமோனியா நெடி என்றால் வௌவால் எச்சம். ஈரக் கம்பளி போன்ற விலங்கு வாடை என்றால் வழிகாட்டி முகத்தைப் பாருங்கள், அவரே முடிவு செய்வார். அடுத்தது தரை. வாசலில் சிலந்தி வலை குறுக்கே அறுபடாமல் இருந்தால் இரவு பெரிதாக எதுவும் உள்ளே போகவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். முள்ளம்பன்றி முள்ளும் கடித்த எலும்பும் கிடந்தால் அது பகலில் உள்ளே தூங்குகிறது. சுற்றிலும் புற்றுகள் புதிதாகத் தோண்டப்பட்டிருந்தால் கரடி. இந்தக் காட்டில் யானையைவிடக் கரடியைத்தான் அளை வாசலில் பயப்பட வேண்டும். பகலில் இருட்டில் படுக்கும், காது மந்தம் போல நடந்துகொள்ளும், பத்தடிக்குள் வந்தபின் திடுக்கிட்டு எழுந்தால் ஓடாது, பாயும். அதனால் விதி ஒன்று: வாசலை அடைத்து நிற்காதீர்கள். இருபுறமும் ஒதுங்கி, நடுவில் அதற்குப் போக வழி விடுங்கள்.

வழிகாட்டி முதலில் நுழைவார். வெளிச்சம் தரையில், பிறகு சுவரில், கடைசியாகக் கூரையில். கண் போகாத இடத்தில் கை வைக்கக் கூடாது. பாறைத் திட்டுகளில் குழிவிரியன் சுருண்டு கிடந்தால் பாசி என்றே தோன்றும். ஹெட் டார்ச் கட்டிக்கொள்ளுங்கள், கைகள் காலியாக இருக்கட்டும். செல்போன் வெளிச்சத்தில் நுழைகிறவர் ஒரு கையை இழந்தவர்தான். வௌவால் இருந்தால் வெள்ளை விளக்கை அணைத்துச் சிவப்பு விளக்கு. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அவை அசைந்து பறக்கத் தொடங்கினால் பத்து நிமிடம்கூட இல்லை. குட்டி பிடித்திருக்கும் தாய் பதறிப் பறந்தால் குட்டி கீழே விழும். மாஸ்க் போடுங்கள், காய்ந்த எச்சத்தூளில் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சை இருக்கலாம். உள்ளே சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது கூடாது. கடித்துப் போட்ட பழத்தைத் தொடாதீர்கள். வௌவாலிடமிருந்து பரவும் நிபா வைரஸ் 2018இல் கோழிக்கோட்டில் வந்த பிறகு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சில அளைகளில் வௌவால் இல்லாமலே இருட்டில் "டிக் டிக்" என்று சத்தம் கேட்கும். இந்திய உழவாரன் குருவி. எதிரொலி கேட்டு வழி கண்டுபிடிக்கிற பறவை, எச்சிலால் கூடு ஒட்டும். அதைக் கேட்டபின் வாசலிலிருந்தே திரும்பினாலும் நஷ்டமில்லை.

மண்ணில் துளைத்த சுரங்கம் மாதிரி ஒன்று தென்பட்டால், எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நுழையவே கூடாது. கனமழைத் தண்ணீர் அடியில் உள்ள களிமண்ணை அரித்துக்கொண்டு போய் உண்டாக்குகிற குழாய் அது. இடுக்கியில் இப்படி நிறைய. பாறைக் கூரை கிடையாது, எந்த நேரமும் சரியும்.

அட்டையைப் பற்றிப் பேசாமல் மழைக்காட்டைப் பற்றிப் பேச முடியாது. தேவாலா, சேரம்பாடி ஆட்களுக்கு இது பாடம் அல்ல, கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஜூன் முதல் நவம்பர் வரை இலைக்கு இலை நிற்கும். நெருக்கமாக நெய்த, முட்டி வரை வரும் அட்டைச் சாக்ஸ் ஒன்றே முழுத் தீர்வு. பேண்ட்டை அதற்குள் விடுங்கள், வெளியே அல்ல. மூக்குப்பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து ஷூ விளிம்பில் தடவலாம், ஓடையைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் திரும்பத் தடவ வேண்டும். நடக்கும்போது நிற்காதீர்கள், நின்றால் முன்னாலும் பின்னாலும் இருந்து வந்து சேரும். கடித்துவிட்டால் உப்பு, டெட்டால், தீக்குச்சி எதுவும் வேண்டாம். வதைத்தால் அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கும். மெலிந்த முனையின் ஓரத்தில் நகத்தை வைத்துச் சறுக்கித் தள்ளி, பிறகு தடித்த முனையை விடுவியுங்கள். ரத்தம் ஒரு மணி நேரம்கூட வழியும். வலி இல்லை, பயமும் வேண்டாம்; பஞ்சை வைத்துக் கட்டிக்கொண்டு நடையைத் தொடரலாம்.

பாம்புக்கடி வேறு விஷயம். இலைச்சருகில் கிடக்கும் கூம்புமூக்குக் குழிவிரியனின் விஷத்துக்கு நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறி வேலை செய்யாது. அது நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கானது. அதற்காக மருத்துவமனையைத் தவிர்க்கக் கூடாது. ரத்தம் உறைவதையும் சிறுநீரகத்தையும் அங்கேதான் கவனிக்க முடியும். கட்டு இறுக்காமல், கீறாமல், காலை அசைக்காமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எட்டுப் பேர் இருப்பதன் இன்னொரு பயன் இதுதான்: தூக்க ஆள் இருக்கும்.

காட்டுயிரைப் பார்க்க ஒரே நல்ல உத்தி, நடையைக் குறைப்பது. பழுத்த அத்தி மரம் ஒன்று கிடைத்தால் அதன் கீழ் நாற்பது நிமிடம் உட்காருங்கள். மலையணில் வரும், கருமந்தி வரும், அதிர்ஷ்டம் இருந்தால் இருவாச்சி வரும். கண்ணில் படுவதற்கு முன் அதன் இறக்கைச் சத்தம் பழைய நீராவி ரயில் போலக் கேட்கும். மூன்று கிலோமீட்டர் வேகமாக நடந்தவர்கள் பார்ப்பது இலைதான். கருமந்தி திரும்பத் திரும்பக் கரகரவென்று அதட்டினால் கீழே புலியோ சிறுத்தையோ நகர்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், அதைத் தேடிப் போக வேண்டாம்.

பருவத்தைப் பொறுத்தவரை டிசம்பரும் ஜனவரியும்தான் நல்லது. பிப்ரவரி நடுவிலிருந்து தீக்காலம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் இறந்ததற்குப் பிறகு தமிழ்நாட்டுப் பக்கம் மலையேற்ற வழிகளை அந்த நேரத்தில் மூடிவிடுகிறார்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். 2024 ஜூலை 30 அதிகாலை நிலச்சரிவில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை என்ன ஆனது என்பது எல்லாருக்கும் தெரியும். மற்ற மாதங்களிலும் யானை நடமாட்டம், மழை எச்சரிக்கை என்று ஒரே நாளில் வழியை மூடுவார்கள். முன்தினம் மாலை ரேஞ்ச் ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஊட்டி வழியாக வருகிறவர்கள் இ-பாஸை மறக்க வேண்டாம்.

வீடு திரும்பியதும் துணியை வெந்நீரில் போட்டு, உடம்பு முழுக்க உண்ணி தேடுங்கள்: அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப்பட்டி இருந்த இடம், காதுக்குப் பின்னால். வயநாட்டில் ஜனவரி முதல் மே வரை குரங்குக் காய்ச்சல் பரவும் காலம், அதைக் கொண்டுவருவது உண்ணி. வழியில் செத்த குரங்கைப் பார்த்திருந்தால் வாட்சரிடம் சொல்லிவிட்டே வர வேண்டும். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் "காட்டுக்குள் போனேன், வௌவால் இருந்த குகைக்குள் போனேன்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள், அவர் கேட்கமாட்டார். உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருந்தால் வெட்கப்படாமல் அதையும் காட்டுங்கள். அது ஸ்க்ரப் டைபஸ் (புதரில் இருக்கும் நுண்ணுண்ணி கடித்து வரும் காய்ச்சல்) என்றால் டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்குச் சீக்கிரம் கட்டுப்படும், தாமதித்தால் ஐசியூ வரை இழுக்கும்.