அப்வர்ட் குடுக்கறதா, சேர்ந்துடறதா?

ஜூலை 14

இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் சாய்ஸ் பதிய மூணு நாள். அப்வர்ட், அதாவது கிடைச்ச சீட்டை விட நம்ம லிஸ்ட்ல மேலே இருக்கிற சாய்ஸ் காலியானா அங்கே நகர்த்தக் கேக்கறது; அதைப் பத்தி ஒதுக்கீடு வந்தப்புறம் பார்த்துக்கலாம்னு கோபி, சத்தி பக்கம் பல வீட்டில் விட்டுடறாங்க. பாதி முடிவு இந்த லிஸ்ட்லயே ஆகிப்போகுதுங்க. பின்னால வரிசையை மாத்த முடியாது. கிடைச்ச சாய்ஸுக்கு மேலே எது காலியானாலும் அது நம்ம தலையில் வந்து விழும். "சும்மா கிடக்கட்டும்"னு ஒரு சென்னைக் கல்லூரியை ரெண்டாவதா போட்டு வெச்சிருக்கோம்; மூணாவதா இருந்த கோவை தடாகம் ரோடு ஜி.சி.டி. (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) கிடைக்குது. முதல் சாய்ஸ் ஆசையில் அப்வர்ட் குடுத்தா சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டி வரலாம். ஜி.சி.டி. திரும்பக் கிடைக்காது.

ஜூலை 16

சாய்ஸ் லிஸ்டைப் பூட்டறதுக்கு முன்னால கல்லூரி எண், பிரிவுக் குறியீடு ரெண்டையும் ஒப்பிடுங்க. ஒரே சாயல்ல பேர் நிறைய இருக்கு.

ஜூலை 17, ஆடி 1

தற்காலிக ஒதுக்கீடு வந்தாச்சு. நாளை சாயங்காலம் 5 மணிக்குள்ள பதில் குடுக்கணும். குடுக்கலைன்னா சீட்டு போயிடும்.

ஒரு மாதிரிக் கணக்கு: கணக்கு 92, இயற்பியல் 88, வேதியியல் 90. கணக்கு முழுசா, மத்த ரெண்டும் பாதியா எடுத்தா கட் ஆஃப் 92 + 44 + 45 = 181. கிடைச்சது அஞ்சாவது சாய்ஸ். மேலே இருக்கிற நாலுக்கும் போன வருசம் அதே இனப்பிரிவில் கடைசியா சீட்டு வாங்கினவங்க கட் ஆஃப் 192, 189, 182.5, 181.5ன்னு வெச்சுக்குவோம். முதல் ரெண்டையும் மறந்துடலாம். கடைசி ரெண்டுக்காக 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்' (கிடைச்சதைக் கையில் வெச்சுக்கிட்டு மேலே கேக்கறது) குடுக்கறது நியாயம். நாலுமே அஞ்சு மார்க்குக்கு மேல தள்ளி நின்னா 'அக்செப்ட் அண்ட் ஜாயின்' (கிடைச்சதிலேயே சேர்ந்துடறது) போதும். கிடைச்சதே முதல் சாய்ஸ்னா அப்வர்டுக்கு வேலையே இல்லை.

மெடிக்கல், என்.ஐ.டி.ன்னு போறவங்க விடற இடம்தான் காலியாகுது. ஒருத்தர் மேலே நகர்ந்தா அவர் இடத்துக்கு இன்னொருத்தர். அதனால ஒரு மார்க் இடைவெளியை எட்டிப் பிடிக்க வாய்ப்பு உண்டு, பத்து மார்க்கை முடியாது.

'டிக்லைன் அண்ட் அப்வர்ட்' வேற சங்கதி. கையில் இருக்கறதை விட்டுட்டுக் காத்திருக்கறது. மேலே கிடைக்கலைன்னா அடுத்த ரவுண்டுதான், அங்கே மிச்சம் மீதிதான் இருக்கும். அந்தக் கல்லூரியில் சேரவே போறதில்லைன்னா ஒழிய, இதைத் தொட வேண்டாம்.

ஜூலை 19

ஜாயின் குடுத்தவங்க நேரா கல்லூரிக்கு. அப்வர்ட் குடுத்தவங்க உதவி மையத்துக்குப் போய்க் கட்டணம் கட்டணும். இங்கதான் சறுக்கறாங்க: அப்வர்ட் முடிவு வரட்டும், கட்டிக்கலாம்னு உட்கார்ந்தா இருந்த சீட்டும் ரத்து. ஆடியில் சுபகாரியம் வேண்டாம்னு பெரியவங்க சொல்லலாம். கெடு தேதிக்கு ஆடியும் ஆவணியும் ஒண்ணுதான்.

ஜூலை 26

அப்வர்ட் முடிவு. நகர்ந்திருந்தா புது ஆர்டரை எடுத்துக்கிட்டுப் புதுக் கல்லூரிக்கு. நகரலைன்னா பழைய கல்லூரியில் போய்ச் சேரணும். மையத்தில் பணம் கட்டியாச்சேன்னு வீட்டில் இருந்துடக் கூடாது. ரெண்டுக்கும் கடைசித் தேதி ஆர்டர்லயே இருக்கும்.