லீஷைப் பிடித்த கைக்குத்தான் பயிற்சி

எல்லைப் பாதுகாப்புப் படையில் வெடிபொருள் கண்டறியும் நாயைக் கையாளும் ஹேண்ட்லராக நான் பயிற்சி பெற்றது, மத்தியப் பிரதேசத்தில் குவாலியருக்கு அருகேயுள்ள தேகன்பூரில். என் ஊரான தேனிக்கு வரும்போதெல்லாம், நாய்களின் மீது பிரியமுள்ள இளைஞர்கள் இந்த வேலைக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியுமா என்று கேட்கிறார்கள். பொதுவாக முடியாது. முதலில் காவலராகச் சேர வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியுடன் எஸ்.எஸ்.சி. எனப்படும் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஜி.டி. (பொதுப்பணி) காவலர் தேர்வை எழுதி, ஆண்கள் என்றால் 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் ஓடி, மருத்துவப் பரிசோதனையையும் கடந்து படைக்குள் வந்த பிறகே, நாய்ப் பிரிவுக்கு விருப்பம் தெரிவிக்க இயலும். 2024 முதல் இந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். நான் எழுதிய காலத்தில் ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே இருந்தன. கென்னல், அதாவது நாய்க் கூடப் பராமரிப்புப் பணிக்குத் தனியாக அறிவிப்பு வருவதுண்டு என்றாலும், அது வேறு வேலை.

வெடிபொருள் பிரிவுக்கு 24 வாரப் பயிற்சி. தடம் பிடிக்கும் டிராக்கர் நாய்களுக்கு 36 வாரம். எனக்கு ஒப்படைக்கப்பட்டது ரூபி என்ற லாப்ரடார் குட்டி. முதல் இரண்டு வாரங்களில் மோப்பப் பயிற்சி என்ற பேச்சே எழவில்லை. விடியும் முன் கென்னலைக் கழுவுவது, உடல் முழுவதும் பிரஷ் செய்வது, காது மடலையும் கால் விரல் இடுக்குகளையும் விரித்து உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பது, உணவை எடை போட்டு வைப்பது, மலம் எப்படி இருந்தது என்பது உட்பட எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவது ஆகியவற்றோடு நாள் முடிந்துவிடும். முதல் இரண்டு நாள் ரூபி நான் வைத்த உணவைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் மாலை, நான் கென்னல் தரையில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது, தட்டு நகரும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

பிறகு பெட்டிப் பயிற்சி தொடங்கியது. வரிசையாக ஆறு பெட்டிகள் வைத்து, ஒன்றில் மட்டும் வெடிபொருள் மாதிரியை வைப்பார்கள். அந்த வாசனையை அடையாளம் கண்டதும் நாய் குரைக்கவோ பிராண்டவோ கூடாது. அப்படியே உட்கார வேண்டும். உட்கார்ந்த அதே நொடியில் பந்து கிடைக்கும். நாய்க்கு அது வேலையன்று, பந்துக்கான விளையாட்டு. டி.என்.டி., ஆர்.டி.எக்ஸ்., அம்மோனியம் நைட்ரேட் என ஒவ்வொரு மாதிரியும் தனித்தனி டப்பாவில், தனித்தனி கையுறையோடு இருக்கும். மாதிரியைத் தொட்ட கையுறையால் மற்றொரு பெட்டியைத் தொட்டுவிட்டால் அன்றைய பயிற்சியே கெட்டுவிடும். அதேபோல, வெறும் பெட்டிகளிலும் புதிய கையுறை, டேப், பிளாஸ்டிக் பை ஆகியவற்றைப் போட்டு வைப்பார்கள். இல்லாவிட்டால் நாய் வெடிபொருளுக்குப் பதிலாகக் கையுறை வாசனையைத் தேடப் பழகிவிடும்.

இடைத் தேர்வில் நான் தோற்றேன். வழக்கம்போல ஆறு பெட்டிகள் இருந்தன. ரூபி நான்காவது பெட்டியருகே சற்றே தயங்கியது. இதில்தான் இருக்கிறது என்று எண்ணி நான் மூச்சைப் பிடித்தேன். என் நடை தளர்ந்தது. லீஷ், அதாவது நாயைப் பிடித்திருக்கும் வார், ஒரு விரற்கடை அளவுக்கு இறுகியிருக்க வேண்டும். ரூபி உட்கார்ந்துவிட்டது. ஆனால் அன்று எந்தப் பெட்டியிலும் மாதிரி வைக்கப்படவில்லை. பயிற்றுநரை அங்கே எல்லாரும் உஸ்தாத் என்றுதான் அழைப்போம். அவர் கோபப்படவில்லை. நாய் பெட்டியை மோந்து உட்காரவில்லை, உன்னைப் படித்து உட்கார்ந்தது என்ற பொருளில் இந்தியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அடுத்த மூன்று வாரம், லீஷை என் பெல்ட்டில் மாட்டி, இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரே வேகத்தில் பெட்டிகளைக் கடக்க வைத்தார். மாதிரி எங்கே இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்பதே எனக்குத் தெரியாத நிலையில்தான் எல்லாப் பயிற்சியும் நடந்தது. மோப்பம் பிடிக்க நாய்க்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை; எந்த வாசனைக்குப் பந்து கிடைக்கும் என்பதை மட்டும் நாம் சொல்கிறோம். மீதிப் பயிற்சி முழுவதும் லீஷின் மறுமுனையில் இருப்பவனுக்கே.

களத்தில் ஒரு முறை நாய் தவறாக உட்கார்ந்தால் ஒரு பேருந்து நிலையமே காலியாகும். இரண்டாம் முறை உட்காரும்போது யாரும் நம்பமாட்டார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்முகமாகவே தேடலைத் தொடங்க வேண்டும். நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும் நாயால் சரியாக மோந்து பார்க்க இயலாது. ஆகவே எந்த அதிகாரி அவசரப்படுத்தினாலும், நாய்க்கு ஓய்வு வேண்டும் என்று துணிந்து சொல்ல ஹேண்ட்லருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குவாலியர் வெயில் 45 டிகிரியைத் தாண்டிய நாட்களில் இதை நேரிலேயே கற்றுக்கொண்டோம்.

இந்தப் பிரிவில் முன்னேற்றம் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒரு நாயின் பணிக்காலம் ஏறத்தாழ எட்டு முதல் பத்து ஆண்டுகள். நம்முடைய வாழ்வில் அந்த ஆண்டுகள் அதனோடு கட்டுண்டவை. மேற்பயிற்சி பெற்று உஸ்தாத் ஆகலாம். அதுவே நான் மதிக்கும் வழி. பதவி உயர்வு வந்து, நாய்ப் பிரிவை விட்டே போக நேர்ந்தவர்களும் உண்டு. நம் ஊருக்கு அருகே இருக்க விரும்புவோர், தமிழ்நாடு காவல்துறையின் மோப்ப நாய்ப் பிரிவுகளையும், கோவை போத்தனூரில் நாய்ப் பயிற்சி மையம் வைத்திருக்கும் ரயில்வே பாதுகாப்புப் படையையும் மனத்தில் கொள்ளலாம். சி.ஆர்.பி.எஃப். எனப்படும் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் நாய்ப் பயிற்சிப் பள்ளி பெங்களூரு அருகே தரளுவிலும், ராணுவத்தினுடையது மீரட்டிலும் உள்ளன.

ஓய்வுக்குப் பின் ஹோட்டல், ஐ.டி. வளாகங்களுக்கு நாய்களை அனுப்பும் தனியார் நிறுவனங்களில் வேலை கிடைக்கிறது. சேரும் முன் மூன்றைக் கேளுங்கள்: நாயின் பயிற்சிப் பதிவேடு இருக்கிறதா, ஒரு ஷிப்டில் எத்தனை முறை ஓய்வு தருகிறார்கள், எனக்கென்று ஒரே நாய் தருவீர்களா. வாரம் ஒரு நாயைக் கையில் கொடுக்கும் இடத்தில் சம்பளம் கூடுதலாக இருந்தாலும் சேர வேண்டாம் என்பேன்.

ரூபி ஓய்வு பெற்றபோது விதிப்படி விண்ணப்பித்து அதைத் தேனிக்கே அழைத்து வந்தேன். முதல் தீபாவளிக்கு, தம்பி மகன் பட்டாசுப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போயிருந்தான். முகவாய் நரைத்த ரூபி மெல்ல எழுந்து சென்று, பையை இருமுறை மோந்து, அதன் முன்னே உட்கார்ந்தது. லீஷ் உள்ளே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் முற்றத்தின் மறுகோடியில் நின்றிருந்தேன். வீட்டில் பந்து எங்கே இருக்கிறதென்று தேடி எடுத்து வரும்வரை அது அங்கிருந்து அசையவில்லை.