பாலம் ஒரு தடவைதான் வெடிக்கும்

சினிமா எடுப்பவர்களைக் கிண்டல் செய்யும் போலந்து நகைச்சுவைப் படங்களுக்குத் தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர் ஒரு மாதிரி சிரிப்பார். ஷூட்டிங்கில் வேலை பார்த்தவர் வேறு மாதிரி சிரிப்பார். சில இடங்களில் சிரிக்கவே மாட்டார். அங்கே கேலிக்கு ஆளாவது இயக்குநரின் தலைக்கனம் மட்டுமல்ல, யூனிட் நடக்கும் விதம். சிக்னல் யார் கொடுப்பது, யார் கையெழுத்துப் போடுவது, கெட்டுப்போனால் யார் தலையில் விடிவது.

மாரெக் கொடெர்ஸ்கி 1995-இல் எடுத்த 'சிரிக்க ஒன்றுமில்லை' படத்தின் நாயகன் அதாஷ் மியாவ்சின்ஸ்கி ஒரு தோற்றுப்போன இயக்குநர். நடித்தவர் செசாரி பசூரா. பிணவறையில் கிடந்தபடியே தன் கதையைச் சொல்கிறான். வீடு, காதல், தொழில் எதுவும் விளங்கவில்லை. இதில் தொழில் சம்பந்தப்பட்ட பகுதிதான் அசல். இரண்டாம் இயக்குநராக அவன் வேலை பார்க்கும் ஒரு படத்தில் பாலம் தகர வேண்டும். தகர்கிறது. கேமராவில்தான் எதுவும் பதியவில்லை.

மிகைப்படுத்திய காமெடி என்று இதைத் தள்ளிவிட முடியாது. 35 எம்எம் பிலிம், வினாடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 27 மீட்டர் ஓடும். 120 மீட்டர் சுருள் நாலரை நிமிடம்கூடத் தாங்காது. வெடிப்பை நிதானமாகக் காட்ட 96 ஃபிரேமில் ஓட்டினால் அதே சுருள் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான். கேமராவை முன்கூட்டியே ஓடவிட்டால், பாலம் விழும்போது பிலிம் தீர்ந்திருக்கும். கடைசி நொடியில் ஓடவிட்டால் மோட்டார் முழு வேகம் பிடிப்பதற்குள் பாலம் ஆற்றில் கிடக்கும். நாலு கேமரா வைத்தால் நாலுக்கும் இதே கணக்கு. நாலு பேரும் 'ஸ்பீட்' (கேமரா முழு வேகம் பிடித்துவிட்டது) என்று சொன்ன பிறகுதான் வெடிக்காரருக்குச் சிக்னல் போக வேண்டும்.

சிக்னலிலும் வில்லங்கம் உண்டு. வெடியைக் கிளப்பும் மின் டெட்டனேட்டர் பொருத்திய இடத்துக்குப் பக்கத்தில் வாக்கி-டாக்கியை அழுத்தக் கூடாது. ரேடியோ அலை கம்பியில் மின்னோட்டத்தைத் தூண்டிவிட்டால் அதுவே வெடியைக் கிளப்பிவிடலாம். அதனால் கொடியும் கைச்சைகையும் வேண்டியிருக்கிறது. தூரத்தில் நிற்பவருக்கு 'வெடி' என்று கையசைப்பதும், ஈயை விரட்டக் கையசைப்பதும் ஒன்றுபோலத்தான் தெரியும். விஷயம் தெரிந்தவர்கள் கொடியை ஆட்டச் சொல்ல மாட்டார்கள். உயர்த்திப் பிடித்த சிவப்புக் கொடியைக் கீழே இறக்கச் சொல்வார்கள், தெரியாமல் செய்ய முடியாத சைகை அது. வெடிப்பெட்டியின் சாவி கடைசிவரை வெடிக்காரர் பாக்கெட்டில் இருக்கும். இதில் ஒன்று தவறினாலும் திட்டு வாங்குவது இரண்டாம் இயக்குநர். அன்றைய கால்ஷீட், கூட்டத்தை நகர்த்துவது, சிக்னல் ஒருங்கிணைப்பு எல்லாம் அவர் பொறுப்பு. அதிகாரம் மட்டும் கிடையாது. கொடெர்ஸ்கி அந்த நாற்காலியை நன்றாக அறிந்தவர் என்பது ஒவ்வொரு ஃபிரேமிலும் தெரிகிறது.

ஸ்தானிஸ்வாவ் பரேயாவின் 'மிஷ்' (கரடி) இதற்கு ஒரு தலைமுறை முந்தியது. 1980-இல் எடுத்து, 1981 மே மாதம் திரைக்கு வந்தது. திரைக்கதையில் பரேயாவோடு சேர்ந்து உழைத்த ஸ்தானிஸ்வாவ் திம்தான் நாயகன். தன்னைப் போலவே இருக்கும் ஒருவனைப் பிடிக்க வேண்டும். அதற்குச் சினிமாவைச் சாக்காக வைக்கிறான். அந்தப் படத்துக்குப் பெயர் 'கவுண்ட் பாரி கென்ட்டின் கடைசிச் சாசேஜ்'. ஸ்டுடியோவில் ஒரு வாசகம் தொங்குகிறது: சாசேஜைத் திருட்டுத்தனமாகத் தின்பவர்களுக்கு 'கூடாது' என்கிறோம். இறைச்சிக்கு ரேஷன் கார்டு வந்ததும் அதே 1981-இல்தான் என்பது தெரிந்தால் இந்த வாசகம் உறைக்கும். சாப்பாட்டுக் காட்சியில் ஒரு டேக்குக்கு ஒரு தட்டு என்று கணக்கில்லை. ஷாட்டுக்கு ஷாட் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்ற கண்டினியூட்டிக்காகக் கடித்த சாசேஜை மாற்ற வேண்டும், ஒத்திகைக்குத் தனி, கெட்டுப்போவதற்குத் தனி. பத்து டேக் என்று எழுதினால் முப்பது தட்டு வாங்கலாம். மிச்சம் எங்கே போயிற்று என்று கேட்க ஆளில்லை.

அதே படத்தில் வரும் வைக்கோல் கரடியும் அதே சூத்திரம்தான். மிகப்பெரிய கரடி, ஏகப்பட்ட செலவு, எதற்கென்று யாருக்கும் தெரியாது. திறந்தவெளியில் மக்கிப்போனதும் அழிந்ததாக ஒரு சான்று எழுதிக் கணக்கை முடித்துவிடலாம். புரொடக்‌ஷன் மேனேஜர் இதைப் புரிந்துகொள்ள ரொம்ப நேரம் எடுப்பதில்லை. செட் என்பதே இடிப்பதற்காகக் கட்டுவது. இருந்ததா இல்லையா என்று படம் முடிந்த பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது. கையாடலுக்கு இதைவிடத் தோதான தொழிலைப் பரேயா தேடியிருக்க முடியாது.

கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த அந்தக் காலத்தில் போலந்து இயக்குநரின் நிஜமான பரீட்சை எடிட்டிங் முடிந்த பிறகுதான். 'கொலவுதாட்ஸ்யா' என்று ஒரு ஏற்புக் காட்சி. அமைச்சக ஆட்கள், தயாரிப்புக் குழுவின் தலைவர், விமர்சகர்கள், சக இயக்குநர்கள் எல்லாரும் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்வார்கள். இயக்குநர் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒலிக்கலவை முடிந்த படத்தில் ஒரு காட்சியை எடுத்தால் பின்னணி இசை நடுவில் அறுந்து குதிக்கும், பக்கத்துக் காட்சிகளையும் மறுபடி கலக்க வேண்டும். அதனால் சிக்கல் வரக்கூடிய காட்சியை இரண்டு பக்கமும் அமைதியோடு தனித்து நிற்கும்படி வைப்பது புத்திசாலித்தனம். பரேயா படங்கள் துண்டு துண்டாக இருக்கின்றன என்று அன்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கென்னவோ, கத்தரி பட்டும் உயிரோடு நிற்க அந்தத் துண்டுதுண்டான கட்டமைப்பே உதவியது என்றுதான் படுகிறது.

1970-இல் வந்த மாரெக் பிவோவ்ஸ்கியின் 'ரெய்ஸ்' படத்தில், கப்பலில் உட்கார்ந்து ஒரு இன்ஜினியர் போலந்துப் படங்களில் ஒன்றுமே நடப்பதில்லை, வசனமும் சரியில்லை என்று புலம்புவார். அந்தப் படத்திலும் ஒன்றும் நடக்காது.

யூலியுஷ் மஹுல்ஸ்கியின் 'சூப்பர்புரொடுக்ட்ஸ்யா' (2003) சுமாரான படம்தான், ஆனால் அதன் முடிச்சு பிரமாதம். உள்ளூர்ப் படங்களையெல்லாம் கிழித்துத் தொங்கவிட்ட ஒரு விமர்சகனைப் பிடித்து, நீயே ஒரு படம் எடு என்கிறான் தாதா. தயாரிப்பாளர் கையில் துப்பாக்கி இருப்பது ஒன்றுதான் வித்தியாசம். மற்ற எல்லாக் கஷ்டமும் அதாஷ் பட்டதுதான்.